யார் தலையிலும் இல்லாத பூ

1

பம்பாயில் இருக்கிறவனை வெளிநாட்டுக்காரன் என்று ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அதே ராஜா தலை போட்ட தபால்தலை, அதே ரயில் கம்பெனிப் புகை. பாஸ்போர்ட் வேண்டாம், கப்பல் வேண்டாம். ஆனால் வீட்டுக்காரர் குஜராத்தியில் பேச, பால்காரன் ஹிந்துஸ்தானியில் பேச, டிராம் கண்டக்டர் மராத்தியில் அதட்ட, மூன்றுக்கும் ஒரே மாதிரி "ஹாங், ஹாங்" என்று தலையாட்டிக்கொண்டு வாழ்பவனை வேறு என்னவென்று சொல்வது? சென்ற வாரத்தோடு எனக்கு இந்தத் தலையாட்டல் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்த உரிமையில் இதை வெளிநாட்டுக் குறிப்பு என்றே எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷ நிறைவைக் கொண்டாட யாரும் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து சித்தப்பா வந்தார். நாசிக்குக்குப் போகிற வழி. எங்கள் பேட்டையான மாதுங்காவில் ஒரு வேளை சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் போகலாமென்று இறங்கியவர். குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும் படங்களை வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டு போனார். லக்ஷ்மி, பட்டாபிஷேகம், சந்தன மாலை போட்ட என் தகப்பனார். அடுத்த படத்துக்கும் கண்ணை மூடிக் கையைக் குவித்துவிட்டு, கண்ணைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டா, இதுல ஸ்வாமி எங்கே?"

"ஸ்வாமி இல்லை சித்தப்பா. செவ்வந்தி. ஊறுகாய் ஜாடியிலே வெச்சிருக்கு."

"யாராவது போயிட்டாளா? அதுக்குப் போட்டதா?"

"ஒருத்தரும் போகலை."

"ஸ்வாமியும் இல்லை, போனவாளும் இல்லை. அப்போ யாருக்குடா இந்தப் பூ?"

என் பெண் சரோஜா பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டே பதில் சொன்னாள்: "கிஸீகா பி நஹீம், தாத்தா. ஐஸா ஹீ!"

"என்ன சொல்றது குழந்தை?"

"யாருக்கும் இல்லையாம், சும்மாவாம்" என்று நான் மொழிபெயர்த்தேன். என் பெண்ணுக்கும் என் சித்தப்பாவுக்கும் நடுவில் துபாஷியாக நிற்பது எனக்குப் பழகிவிட்டது. பத்திரிகை ஆபீஸில் செய்வதும் அதுதான். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு.

சமையலறையிலிருந்து என் தங்கை ருக்குவின் சிரிப்பு வந்தது. "நான் போட்ட படம், சித்தப்பா. கும்பிட்டது கும்பிட்டதாவே இருக்கட்டும். திருப்பி எடுத்துக்காதேங்கோ!"

சித்தப்பா கேட்டது நல்ல கேள்வி. யாருக்கு இந்தப் பூ? இதே கேள்வியால் போன மழைக்காலத்தில் எங்கள் மாதுங்காவில் ஒரு வகுப்பே மூடப்பட இருந்தது. அந்தக் கதையைச் சித்தப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

2

ருக்குவைப் பற்றி முதலில். கல்யாணமாகி இரண்டாவது வருஷமே டைபாய்டில் கணவன் போய்விட்டான். பூவையும் பொட்டையும் ஊரில் விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். யுத்தம் வந்தது, ரேஷன் வந்தது, கார்டு எழுத ஆள் போதாமல் பெண்களையும் எடுத்தார்கள். யுத்தம் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. ருக்கு இன்னும் ரேஷன் ஆபீஸில் இருக்கிறாள். இந்த வட்டாரத்தில் யார் வீட்டில் எத்தனை பேர், எத்தனை பேர் கோதுமை வேண்டாமென்று அரிசி கேட்பவர்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

காலையில் ஒரு கைம்பெண் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்கிற நம்பிக்கை நம்மவர்களோடு ரயிலேறி இங்கேயும் வந்து குடியிருக்கிறது. எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி, ஒரே மாடிப்படி. ருக்கு ஆபீஸுக்கு இறங்கும்போது மேல்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "ருக்கு இறங்கறா! நல்ல காரியத்துக்குப் போறவாள்ளாம் உள்ளே போய் ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டு வாங்கோ!" ஒன்றிரண்டு கதவுகள் நிஜமாகவே சாத்திக்கொள்ளும். அவள் சிரித்துக்கொண்டே இறங்குவாள். அந்தச் சிரிப்பில் எவ்வளவு பங்கு சிரிப்பு என்று நான் கேட்டதில்லை.

அவளுடைய ஜன்னலுக்கு ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மாள் வந்தார். ஹிட்லருக்குத் தப்பி வியன்னாவிலிருந்து பம்பாய் வந்து சேர்ந்தவர். பெயர் ஃப்ரீடா. வீடு மாறி மாதுங்காவுக்கு வந்திருக்கிறார்; கார்டில் விலாசம் மாற்ற வேண்டும். பாரத்தில் 'நிரந்தர விலாசம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"ஏ கியா லிக்னா?" என்று, இதில் என்ன எழுதுவதென்று கேட்டார். அவருடைய ஊரை ஒரு தேசம் விழுங்கிவிட்டு, பிறகு துப்பியும் விட்டது. ஒவ்வொரு ஆபீஸிலும் அவருக்கு ஒவ்வொரு தேசத்தின் பெயர் எழுதியிருந்தார்களாம்.

ருக்கு பாரத்தைத் தன் பக்கம் திருப்பி, 'மாதுங்கா' என்று எழுதி, முத்திரையைக் குத்திவிட்டாள். "நிரந்தரமா இருந்துக்கோங்கோ" என்று தமிழிலேயே சொன்னாளாம். அந்த அம்மாளுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது. தாம் சித்திரம் கற்றுக்கொடுப்பவரென்றும், எங்கள் பேட்டை மாதர் சங்கத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் வகுப்பு ஆரம்பிப்பதாகவும், வரவேண்டுமென்றும் கூப்பிட்டார். ருக்குவுக்கு வெள்ளிக்கிழமை காலை வேலை மட்டும். என் மனைவி கமலத்தையும் இழுத்துக்கொண்டு போனாள்.

3

முதல் பாடம் பூ. ஜாடியில் பூவை வைத்து, எதிரே உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து வர்ணம் தீட்ட வேண்டும். ஐரோப்பாவில் இது தனி ஜாதிச் சித்திரம். ஆள் கிடையாது, கதை கிடையாது. ஒரு ஜாடி, சில பூக்கள், அவ்வளவுதான். முன்னூறு நானூறு வருஷமாக இதையே போட்டு, கூடங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் பூ கொண்டுவாருங்கள்" என்றார் டீச்சர். கொண்டுபோனார்கள். டீச்சர் ஜாடியை நீட்டினார். பூக்கள் ஜாடிக்குள் விழுந்து அடியில் போய்த் தங்கிவிட்டன.

"டண்டி கிதர் ஹை?" என்று டீச்சர் ஜாடிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். காம்பு எங்கே என்று அர்த்தம்.

காம்பு ஏது? நம் கடைத்தெருவில் பூ என்றால் தலை மட்டும்தான். தொடுப்பதற்கு ஒரு துளிக் காம்பு இருந்தால் போதும். மீதியை யார் சுமப்பது? இவ்வளவு நாள் இந்த விஷயம் எங்கள் யாருக்கும் உறைத்ததே இல்லை. மறுவாரம் கமலம் மார்க்கெட்டு வாசலில் தாராவியிலிருந்து வந்து பூ விற்கும் திருநெல்வேலி அம்மாளிடம் போய்க் காம்போடு பூ வேண்டுமென்று கேட்டாள்.

"என்னம்மா இது புதுசா கேக்கிய? காம்போடவா? மாட்டுக்கா போடப் போறிய?"

"இல்லை, ஜாடியிலே வைக்க."

"சாடியிலயா! சாடிக்கு எதுக்கும்மா பூவு? அது எங்கன சீவி முடிஞ்சு நிக்கி?"

கடைசியில் டீச்சர்தான் விட்டுக்கொடுத்தார். காம்பில்லாத பூவுக்கு வாயகன்ற பாத்திரம் வேண்டும். சங்கத்துப் பித்தளைத் தாம்பாளம் வந்தது. அதில் செவ்வந்தி, அரளி, சம்பங்கி, ரோஜா எல்லாவற்றையும் குவித்து, பக்கத்தில் ஒரு செம்பு. அதுதான் பாடப் பொருள். என் மனைவி முதலியோர் அடுக்கினால் அது தானாகவே நடுவில் ரோஜா, சுற்றிச் செவ்வந்தி, ஓரத்தில் அரளி என்று அம்மன் சந்நிதி போல ஆகிவிடும். டீச்சர் வந்து கையால் கலைத்துவிடுவார். அவர் திரும்பியதும் யாராவது மெல்ல நேராக்கிவிடுவார்கள். தாம்பாளத்துக்காக இப்படி மௌன யுத்தம் ஒன்று நடந்தது.

முதல் நாள் டீச்சர் ஒரு சம்பங்கியை எடுத்து மூக்கில் வைத்து, கண்ணை மூடி முகர்ந்தார். பக்கத்தில் இருந்த அம்புஜம் மாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "போச்சு! மோந்து பார்த்தாச்சு. இனிமே ஸ்வாமிக்கு ஆகாது." சரி, ஸ்வாமிக்கு ஆகாவிட்டால் தலைக்கு ஆகலாம். வகுப்பு முடிந்ததும் பூவைத் தொடுத்துப் பங்கு போட்டுக்கொள்வதென்று வழக்கமாயிற்று. எல்லோரும் பூவோடு வீடு திரும்புவார்கள். ருக்கு படத்தோடு திரும்புவாள்.

4

டீச்சர் சொல்லும் விளக்கங்களை ருக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்கு ஒப்பிப்பாள். அவருடைய ஊரில் வருஷத்தில் பாதி நாள் பனி. பூ பார்க்கக் கிடைக்காது. ஆகையால் வர்ணத்தில் போட்டு வைத்துக்கொள்வார்கள். வசந்தத்தில் பூப்பதையும் இலையுதிர் காலத்தில் பூப்பதையும் ஒரே ஜாடியில் போடுவார்களாம். உலகத்தில் எங்கேயும் எப்போதும் சேர்ந்து இருந்திராத பூங்கொத்து. அடியில் வேண்டுமென்றே ஓர் இதழ் உதிர்ந்து கிடக்கும். ஓர் ஈ உட்கார்ந்திருக்கும். பார்க்கிறவனுக்கு அது எச்சரிக்கை: இதோ வாடுகிறது பார், நீயும் இப்படித்தான்.

இந்த இடத்தில் அம்புஜம் மாமி வகுப்பிலேயே எழுந்துவிட்டாளாம். "நன்னாயிருக்கு! நீ செத்துப்போவேன்னு சொவத்திலே மாட்டி வெச்சுக்கறதா? அதுக்குக் காசும் குடுத்து?"

"எங்க ஆபீஸ்லே தினமும் அதுதான் வேலை, மாமி" என்றாள் ருக்கு. "செத்தவா பேரைக் கார்டிலேருந்து அடிக்கச் சொல்லி வந்து நிப்பா. என்ன, ஈ மட்டும் நிஜ ஈ."

நான் யோசித்துப் பார்த்தேன். நமக்குப் பூ வாடுவதில் வருத்தமே கிடையாது. நேற்றையது நிர்மால்யம், எடுத்துப் போட்டுவிட்டு இன்றையதைச் சாத்த வேண்டியதுதான். வாடாத பூவை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? அவர்களுக்குப் பூ பார்ப்பதற்கு, நமக்குக் கொடுப்பதற்கு. ஸ்வாமிக்கு, விருந்தாளிக்கு, பிணத்துக்கு, பெண்டாட்டிக்கு. கையை விட்டுப் போகும்வரை நம் பூவுக்கு வேலை ஆரம்பமாவதில்லை.

ஆனால் ஒருவர் பெறவே கூடாது என்று வைத்துவிட்டால்? அந்த ஒருத்தி எங்கள் வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் முழுவதும் ஒரு தாம்பாளம் பூவை எதிரே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் இதழாகப் பார்த்துக்கொண்டு, யாருடைய கேள்வியும் இல்லாமல் உட்கார்ந்திருக்க அவளுக்கு வேறு இடம் கிடையாது. அந்தத் தாம்பாளத்துப் பூ யாருடையதும் இல்லை. அதனால் அது அவளுக்கும் ஆகும்.

இதை அவள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலைகளில் அவள் ஆபீஸுக்குக் கிளம்பும் வேகத்தைப் பார்த்து நான் ஊகித்தது.

5

ஆனி மாதத்தில் சங்கத்துக் கமிட்டியில் பேச்சு எழுந்தது. வெள்ளிக்கிழமை ஹாலைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிட்டால் என்ன? தைத்தால் ரவிக்கையாவது மிஞ்சும். பூவைப் பார்த்துப் பூப் போடுவதில் யாருக்கு என்ன பிரயோஜனம்? சங்கத்துத் தலைவியை எல்லோரும் பிரஸிடெண்ட் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள்; வைரத் தோடு, ஒன்பது கஜப் புடவை, எடுத்த காரியத்தை விடாத குணம். அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாராம். சங்கத்துப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொக்கிஷதார் மாமி மட்டும், "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பூவுக்கு நடுவிலே..." என்று ஆரம்பித்து, கமலம் அங்கே இருப்பதைக் கண்டு, "மழை பெய்யும் போலிருக்கே" என்று முடித்தாளாம்.

கமலம் வீட்டுக்கு வந்து அந்தப் பாதி வாக்கியத்தைச் சொன்னாள். ருக்கு மீதியைத் தானே பூர்த்தி செய்துகொண்டாள். "அவா சொல்றது எனக்குத் தெரியாதா மன்னி? பூவைத் தலையிலே வெச்சுக்கக் கூடாதுன்னா. சரின்னேன். இப்போ பார்க்கவும் கூடாதுங்கறா. பார்க்கறதுக்கும் ரேஷன் வந்துடுத்து" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் அன்று இரண்டு தடவை ரசத்துக்கு உப்புப் போட்டாள்.

தீர்ப்பு இப்படி ஆயிற்று: அடுத்த வெள்ளிக்கிழமை கமிட்டி நேரில் வரும். வகுப்பினர் பாதி போட்டு வைத்திருக்கும் பூப்படங்களை அன்றைக்கு முடித்துக் காட்ட வேண்டும். பார்த்துவிட்டுச் சொல்வார்கள். பத்திரிகையில் இரண்டு வரி வந்தால் நன்றாயிருக்குமென்று என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று எனக்கு வார ஓய்வு.

6

அந்த வெள்ளிக்கிழமை பெய்த மழையைப் பற்றிப் பம்பாய்க்காரர்களிடம் சொன்னால் போதும், தலையாட்டுவார்கள். கிங்ஸ் சர்க்கிளில் முழங்காலுக்குத் தண்ணீர். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கமிட்டி மாமிகளின் இரண்டு விக்டோரியாக் குதிரை வண்டிகளும் வாசலில் வந்து நின்றன. வகுப்புப் பெண்கள் எல்லோரும் குடையோடு வாசலுக்கு ஓடிவந்து, கமிட்டியை நனையாமல் உள்ளே கொண்டுபோவதில் முனைந்திருந்தார்கள். டீச்சர் தாதரில் வேறொரு வகுப்பை முடித்துக்கொண்டு வர வேண்டும்; இன்னும் வரவில்லை.

ஹாலில் வரவேற்பு அம்புஜம் மாமியின் பொறுப்பு. குங்குமம், சந்தனம், கற்கண்டு எல்லாம் தயார். தொடுத்த பூவுக்குத்தான் சொல்லி வைத்திருந்தாள். மழையில் பூ வரவில்லை. வெள்ளிக்கிழமை, வருகிறவர்கள் சுமங்கலிகள், பூ இல்லாமல் குங்குமத்தை நீட்டுவதா? மாமி சுற்றுமுற்றும் பார்த்தாள். மேஜைமேல் பித்தளைத் தாம்பாளம் நிறையப் பூ. காம்பு கிள்ளி, பக்கத்தில் செம்பும் வைத்து, யாரோ மகராஜி எடுத்து வைத்த மாதிரி இருந்தது. வகுப்பில் வாரா வாரம் அந்தத் தாம்பாளத்தைப் பார்க்கிறவள்தான். ஆனால் வாசலில் விருந்தாளி வந்து நிற்கிறபோது பூத்தாம்பாளம் பாடப் பொருளாகக் கண்ணுக்குத் தெரியுமா, நம்மவர்களில் யாருக்காவது? தூணடியில் உட்கார்ந்து, மாமி நூலை எடுத்தாள். நம்மூர்ப் பெண்கள் பூத் தொடுக்கும் வேகத்தை நீங்கள் அறிவீர்கள். வாசலில் கால் அலம்பி, ஈரப் புடவையைப் பிழிந்து, குடைகளை மடக்கிக் கமிட்டி உள்ளே வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

நான் உள்ளே நுழைந்தபோது, பிரஸிடெண்ட் மாமி கழுத்தைக் குனிந்து கொடுத்துக்கொண்டிருந்தார்; அம்புஜம் மாமி அவருடைய கொண்டையில் ஒரு முழம் சூட்டிக்கொண்டிருந்தாள். மற்ற மாமிகள் ஏற்கெனவே பூச்சூடி, குங்குமத்தை நெற்றியில் சரிசெய்துகொண்டிருந்தார்கள். ஏற்பாடு பலே என்று நான் மனதுக்குள் குறித்துக்கொண்டேன். குங்குமத் தட்டு ருக்குவின் பக்கம் வந்தபோது வழக்கப்படி சற்று வளைந்து, அடுத்தவளிடம் போயிற்று. அதையும் குறித்துக்கொண்டேன்.

அப்போது ஃப்ரீடா டீச்சர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். கமிட்டிக்கு ஒரு நமஸ்தே. வகுப்புக்கு ஒரு புன்னகை. பிறகு மேஜையைப் பார்த்தார். தாம்பாளம் கண்ணாடி போலப் பளபளத்தது. அதில் டீச்சரின் முகம் தெரிந்தது.

"ஃபூல் கிதர் கயா?"

பூ எங்கே போயிற்று என்று அர்த்தம். அம்புஜம் மாமி, தன் கைவேலையைக் கேட்கிறார் என்று எண்ணி, பெருமையோடு கமிட்டியின் தலைகளை வரிசையாகச் சுட்டிக்காட்டினாள்.

பெண்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொருத்தியும் தன் பலகையைப் பார்த்தாள். பாதி ரோஜா, கால் அரளி, ஆரம்பித்துவிட்ட சம்பங்கி. எதிரே காலித் தாம்பாளம். மழை ஓயாமல் ஹாலைத் தையல் மிஷினுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

டீச்சர் உதட்டைக் கடித்தார். தோள் குலுங்கிற்று. அழப்போகிறாரென்று நினைத்தேன். அந்த அம்மாள் தரையில் அப்படியே சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் ஜலம் வரும்வரை சிரித்தார்.

பிரஸிடெண்ட் மாமிக்கு விஷயம் விளங்கியது. முகம் சிவந்தது. "ஐயையோ, உங்க பாடத்தையா நான் வெச்சுண்டிருக்கேன்? இதோ எடுத்துக் குடுத்துடறேன்" என்று கையைக் கொண்டைக்குக் கொண்டுபோனார்.

"மாமி!" என்று கத்தினாள் அம்புஜம். "வெள்ளிக்கிழமை! வெச்ச பூவைக் கையாலே எடுக்கறதாவது! தாம்பாளத்திலே திருப்பிப் போடறதாவது! உங்காத்து மாமா தீர்க்காயுசா இருக்க வேண்டாமா?"

பிரஸிடெண்ட் மாமியின் கை அந்தரத்தில் நின்றது. மற்ற மாமிகளின் கைகளும் நின்றன. எடுக்கவும் கூடாது. வெளியே போகலாமென்றால் வண்டிச் சக்கரம் தண்ணீரில் பாதி முழுகியிருந்தது.

அப்போதுதான் ருக்கு எழுந்தாள். தூரிகை கையிலேயே இருந்தது.

"எடுக்க வேண்டாம் மாமி. நீங்க உட்கார்ந்தா போரும்."

"உட்கார்ந்துண்டுதானே இருக்கேன்?"

"அப்படி இல்லை. திரும்பி உட்காரணும். என்னோட செவ்வந்தி உங்க கொண்டையிலே இருக்கு."

நான் பத்திரிகைக்காரன். சட்டசபைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அப்படி ஒரு பிரேரணையை அங்கே கேட்டதில்லை. ஒரு கைம்பெண் வெள்ளிக்கிழமையன்று ஒரு சுமங்கலியின் பூவையே பார்த்துக்கொண்டிருப்பாள், எத்தனை நேரமோ. பொக்கிஷதார் மாமி தொண்டையைக் கனைத்தாள். பிரஸிடெண்ட் மாமி ருக்குவைப் பார்க்கவில்லை; ஜன்னலைப் பார்த்தார். பூவை எடுத்தால் ஒரு தோஷம். உட்கார்ந்தால் ஒரு தோஷம். எது பெரிது என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

எங்கள் தர்ம சாஸ்திரங்களில் இதற்கு இடம் இருக்கிறதா தெரியாது. கணவனின் ஆயுள் ஜெயித்தது. மாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தலைவி திரும்பிய பிறகு கமிட்டி திரும்பாமல் இருக்குமா? வரிசையாக நாற்காலிகள் திரும்பின.

7

அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள்.

"பொக்கிஷதார் மாமி, கொஞ்சம் தலையைச் சாயுங்கோ. என் ரோஜா உள்ளே போயிடுத்து!"

"ஏண்டி கமலம், உன்னோட அரளி என்கிட்டேயா, அவகிட்டேயா?"

"ரெண்டு பேர்கிட்டேயும் இருக்கு மாமி. அவாளோடது வாடலா இருக்கு. உங்களோடதைப் பார்த்துப் போடறேன்."

"வாடலாவா? ஏன், என் தலையிலே அடுப்பா எரியறது?"

டீச்சர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார். கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே போடுங்கள், தாம்பாளத்தை மறந்துவிடுங்கள் என்றார். தாம்பாளத்தில் இருக்க வேண்டிய ரோஜாக்கள் படங்களில் தலைகீழாகத் தொங்க ஆரம்பித்தன. ஊக்குகள் வந்தன. பிடரி மயிர் வந்தது. கமலம் போட்ட அரளிக்குக் கீழே ஒரு மச்சம் வந்தது. தன் பிடரியில் மச்சம் இருப்பது அந்த மாமிக்கே அன்றுதான் தெரியும்.

ருக்கு செவ்வந்தியின் இதழ்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். இடையில் சுவரைப் பார்த்தபடி பிரஸிடெண்ட் மாமி, "முதுகு வலிக்கறது, கொஞ்சம் அசையட்டுமா?" என்றார்.

"கூடாது" என்றாள் ருக்கு.

அசையவில்லை. அவள் பார்வை படக் கூடாதென்று மாடிப்படியில் ஒதுங்குகிறவர்கள் அதே வரிசையில் இருவர் இருந்தார்கள். அவர்களும் அசையவில்லை.

சற்று நேரத்தில் முதுகுகளுக்கும் பேச்சு வந்துவிட்டது. சர்க்கரை எப்போது கூடக் கொடுப்பார்கள்? மருமகள் பிரசவத்துக்குப் பிறந்தகம் போனால் கார்டை என்ன செய்வது? ருக்கு தூரிகையை எடுக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். முகம் பார்க்காமல் கேட்பது அவர்களுக்குச் சுலபமாயிருந்ததோ என்னவோ, அன்று அவளிடம் அதுவரை பேசாதவர்களெல்லாம் பேசினார்கள்.

மழை குறைந்தபோது படங்கள் முடிந்திருந்தன. கமிட்டி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பார்க்க வந்தது. வகுப்பின் பிரயோஜனத்தை ஆராய யாருக்கும் நேரமில்லை. "என்னோடது எது? என்னோடது எது?" என்றுதான் கேட்டார்கள்.

பிரஸிடெண்ட் மாமி ருக்குவின் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். செவ்வந்தி, பிச்சோடாக் கொண்டை, தோட்டின் பின்புறத் திருகாணி, ஈரத்தில் ஒட்டிய நரைமயிர் ஒன்று.

"இதுவா என் தலையிலே இருக்கு?"

"ஆமாம், மாமி."

"ஏழு வயசிலேருந்து பூ வெச்சுக்கறேன்" என்றார் மாமி. "பின்னாலே எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லையே."

அப்போதுதான் எனக்கும் பட்டது. நம் பெண்கள் ஜன்மம் முழுவதும் பூவைத் தங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். சூடியவளைத் தவிர மற்ற எல்லோரும் பார்க்கிறார்கள். வியன்னாவில் எப்படியோ, மாதுங்காவில் அந்தக் கூட்டத்திலேயே ஒரு பூவைக் கண்ணாரப் பார்த்தவள் அது மறுக்கப்பட்டவள் ஒருத்திதான்.

மாமி வண்டியில் ஏறும்போது பொக்கிஷதாரிடம், "தையலைச் செவ்வாய்க்கிழமைக்குப் போட்டுக்கோ" என்றார். பிறகு, ஏறிய காலைக் கீழே வைத்து, ருக்குவைத் திரும்பிப் பார்த்தார். அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டது அதுவே முதல் தடவை.

"காதோரத்திலே ஒரு பூவை நீ விட்டுட்டே."

"நான் உட்கார்ந்திருந்த பக்கத்திலேருந்து அது தெரியலை, மாமி."

"அதுக்கென்ன பண்றது?"

"இன்னொரு தடவை நீங்க உட்காரணும். கொஞ்சம் சாய்ஞ்சாப்பலே."

மாமி காதோரத்துப் பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஏறினார். நான் எழுதிக் கொடுத்த இரண்டு வரியை மழைச் செய்தி அடித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஆபீஸில் இருந்தேன். கமலம் சொல்லித்தான் தெரியும். வகுப்புக் கதவு திறப்பதற்கு முன்பே பிரஸிடெண்ட் மாமி வந்துவிட்டாராம். வீட்டிலிருந்தே பூச்சூடிக்கொண்டு, நாற்காலியைத் தாமே சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம், திரும்பாமலே, ஒவ்வொருவரையும் கேட்டாராம்:

"ருக்கு வந்துட்டாளா?"